கிரேக்க நூல்கள் பாக்தாத்தில்: காத்தார்களா, வளர்த்தார்களா?

கணக்குப்பிள்ளை:
பாக்தாத்திலிருந்து ஆண்ட அப்பாஸியக் கலீபாக்களின் காலத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறோம்? யூக்ளிடின் வடிவியல், தாலமியின் வானியல், கேலனின் மருத்துவம் எல்லாம் கிரேக்கச் சரக்கு. பாக்தாத்தில் அரபியில் பெயர்த்து வைத்திருந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோவில் அது லத்தீனுக்குப் போனது. நடுவில் இருந்தவர்கள் தபால்காரர்கள்தானே?

வைகைக்கரை:
எந்தத் தபால்காரர் சார் கடிதத்தைப் பிரித்துத் தப்புக் கண்டுபிடிப்பார்? மருத்துவர் அல்-ராஸி கேலனை மறுக்கவே தனி நூல் எழுதினார். ஒளியியல் அறிஞர் இப்னு அல்-ஹைதம் தாலமியை அப்படியே உலுக்கினார். கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் சொன்னதை ஒதுக்கி, பொருளிலிருந்து வரும் ஒளிதான் கண்ணுக்குள் போகிறது என்று சோதனைகளோடு வாதிட்டவர் அவர்.

தூரிகை:
குறுக்கிடுகிறேன். மொழிபெயர்த்தவர்களை மறந்துவிட்டீர்கள். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் இராக்கின் ஹீராவில் பிறந்த நெஸ்தோரியக் கிறிஸ்தவர், அதாவது கிழக்குத் திருச்சபைக்காரர். தாபித் இப்னு குர்ரா ஹர்ரானைச் சேர்ந்த சாபியன், அதாவது கோள்களை வழிபட்ட சமயத்தவர். கேலனின் ஒரே ஒரு நூலைத் தேடி ஹுனைன் சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலைந்திருக்கிறார். கடைசியில் டமாஸ்கஸில் பாதிதான் கிடைத்ததாம்! பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் சரிபார்த்த பிறகே மொழிபெயர்ப்பில் இறங்குவார்.

கணக்குப்பிள்ளை:
சரி, உழைப்பு பெரிது. ஆனால் காவியக் கவி ஹோமரைத் தொட்டார்களா? நாடகாசிரியர் சோஃபக்ளிஸை? மருத்துவம், கணக்கு, ஜோசியம் என்று உபயோகமானதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இதில் பண்பாடு எங்கே செழித்தது?

வைகைக்கரை:
கவிதையில் தங்களுக்குக் குறையிருப்பதாக அரபிகள் நினைக்கவே இல்லை, அதனால் எடுக்கவில்லை. உபயோகமானதை மட்டும் என்றால் அரிஸ்டாட்டிலின் தர்க்கத்தை ஏன் எடுத்தார்கள்? அது எந்த நோயைத் தீர்க்கும்? 10ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வஜீர் (தலைமை அமைச்சர்) முன்னிலையில் ஒரு வாதப்போர். தர்க்கம் இல்லாமல் சரி தவறு பிரிக்க முடியாது என்றார் தர்க்க அறிஞர் அபூ பிஷ்ர் மத்தா. அது கிரேக்க மொழிக்கான இலக்கணம், அரபு பேசுகிறவனுக்கு எதற்கு என்று மடக்கினார் இலக்கண அறிஞர் அல்-ஸீராஃபி. அரசவையில் இப்படிச் சண்டை நடந்ததே செழிப்புதான் என்பேன்.

கணக்குப்பிள்ளை:
ஜெயித்தது ஸீராஃபிதானே? உங்கள் கட்சி தோற்றுவிட்டது.

வைகைக்கரை:
அன்றைக்கு ஜெயித்தார். தத்துவவாதிகளைக் கிழித்துப்போட்ட இறையியலாளர் கஸ்ஸாலியே பிற்பாடு தன் சட்டவியல் நூலுக்குத் தர்க்கத்தை முன்னுரையாக வைத்தார். அப்புறம் அது மதரஸாப் பாடமாகவும் ஆனது.

கணக்குப்பிள்ளை:
பாடமாகி? உரைக்கு உரை, அதற்கும் ஓர் உரை. இதுவா வளர்ச்சி?

தூரிகை:
இதயத்தின் வலப்பக்க ரத்தம் நடுச்சுவரைத் துளைத்து இடப்பக்கம் போகிறது என்ற கேலன் கருத்தை மறுத்து, நுரையீரல் வழியாகத்தான் போகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-நஃபீஸ் எழுதினார். எதில் எழுதினார் தெரியுமா? இப்னு சீனாவின் மருத்துவ நூலுக்கான உரையில்.