ஸ்கேனர் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது?

கண்ணாடிமேல் தாளை வைத்து மூடும் ஃப்ளாட்பெட் ஸ்கேனர் புதிதென்றால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். சில மாடல்களின் அடியில் ஒரு பூட்டு இருக்கும். வண்டியில் வரும்போது உள்ளே தாளைப் படிக்கும் தலை ஆடாமலிருக்கப் போட்டது. அதைத் திறக்காமல் ஸ்கேன் கொடுத்தால் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிடும். மோட்டார் போய்விட்டதென்று கடைக்குத் தூக்காதீர்கள். தனி அடாப்டர் இல்லாமல் யுஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் வகைக்கு, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் ஆகாது. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவதே 500 மில்லிஆம்பியர். அதையும் பென்டிரைவ் பங்குபோட்டால் ஸ்கேன் பாதியில் அறுந்துவிடும். சிபியுவின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

*

கேபிள் சரியாக இருந்தும் விண்டோஸில் ஸ்கேனர் தெரியாவிட்டால், பின்னணியில் ஓடுபவற்றைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில், ஸ்கேனரோடு பேசும் ‘விண்டோஸ் இமேஜ் அக்விசிஷன்’ ஓடுகிறதா பாருங்கள். நின்றிருந்தால் ஸ்டார்ட் கொடுத்து ஆட்டோமேட்டிக்காக மாற்றுங்கள். ஒரு மென்பொருளில் தெரிந்து இன்னொன்றில் தெரியவில்லையா? ஸ்கேனரையும் மென்பொருளையும் இணைக்கும் ட்வெய்ன் டிரைவர் 32 பிட்டாக இருந்தால் 64 பிட் மென்பொருளின் கண்ணில் படாது. இலவசமாகக் கிடைக்கும் நாப்ஸ்2 (NAPS2) என்ற ஸ்கேன் மென்பொருள் இரண்டு பிட் வகையையும் சமாளிக்கும்.

*

தாள் தானாக உள்ளே போகும் ஃபீடரில் மட்டும் நெடுக ஒரு கோடு விழுகிறதா? பெரிய கண்ணாடியை எவ்வளவு துடைத்தாலும் போகாது. அதன் ஓரத்தில் விரல் அகலத்துக்கு இன்னொரு கண்ணாடிப் பட்டை இருக்கும். ஃபீடர் படிப்பது அந்த வழியாகத்தான். அங்கே தலை நின்ற இடத்திலேயே நிற்க, தாள்தான் நகர்கிறது. அதனால் ஒரு துளி ஒயிட்னர் ஒட்டியிருந்தாலும் முழுநீளக் கோடாகிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். கண்ணாடியில் நேராகத் தெளித்தால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும்.

*

‘எதற்கும் 600 டிபிஐ’ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று வைப்பது வீண். ஏ4 தாள் 300 டிபிஐயில் 2480 × 3508 பிக்சல். கலரில், சுருக்காமல், சுமார் 26 எம்பி. 600 என்றால் அதைப்போல் நான்கு மடங்கு. எழுத்துக்கு 300, கிரேஸ்கேல் (சாம்பல் நிற அளவுகள்) போதும். கறுப்பு-வெள்ளை முறையில் 200க்கு இறக்கினால் தமிழுக்குத்தான் அடி: மெல்லிய புள்ளிகள் கரைந்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் ‘க்’கை ‘க’ என்று படிக்கும்.

*

பத்திரங்களுக்கு ஒன்று. லீகல் தாள் 356 மி.மீ. நீளம், ஏ4 கண்ணாடி 297தான். இரண்டு தடவையாக எடுத்து ஒட்டுங்கள். மடிப்பில் நைந்த பழைய பத்திரத்தை ஃபீடரில் விடவே கூடாது, ரோலர் கிழித்துவிடும். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளின் முதுகில் கறுப்பு சார்ட் தாள் வைத்து மூடுங்கள்.