4007 டையோடு ஏன் ஒளிர்வதில்லை?

கேள்வி (இயற்பியல் மாணவன்):
எல்.இ.டி.யிலும், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிலிக்கன் டையோடான 4007-இலும் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) சேரத்தான் செய்கின்றன. ஒன்று ஒளிர்கிறது, மற்றது சூடாவதோடு சரி. கறுப்பு உறை மறைக்கிறது என்கிறான் நண்பன். கண்ணாடி உறையுள்ள 4148 என்ற சிலிக்கன் டையோடையும் இருட்டில் பார்த்துவிட்டேன், வெளிச்சமே இல்லை.

பதில் (பவர் சப்ளை பழுதுபார்ப்பவன்):
உறையின் மேல் பழி போடாதீர்கள் தம்பி. சிலிக்கனில் எலக்ட்ரானின் உந்தமும் துளையின் உந்தமும் ஒத்துப்போவதில்லை. ஒளியாக வெளியேற வேண்டுமானால் படிக அதிர்வும் அதே கணத்தில் கைகொடுக்க வேண்டும், அது அரிது. அதற்குள் மாசு அணுக்களும் படிகக் குறைகளும் எலக்ட்ரானைப் பிடித்துத் துளையோடு சேர்த்துவிடுகின்றன. ஆற்றல் வெப்பமாகிவிடும். எல்.இ.டி. செய்யப் பயன்படும் காலியம் ஆர்சனைடில் இந்த உந்தத் தகராறு கிடையாது.

வேக டையோடுகளில் சேர்க்கை விரைவாக நடப்பதற்காகவே தங்கத்தைக் கலப்பார்கள். 4007 அந்த ரகமல்ல. மின்னோட்டத்தை அதிவேகமாக விட்டுவிட்டுச் செலுத்தும் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். வெளியீட்டில் 4007-ஐப் போட்டுவிட்டு, 'சுடுகிறது அண்ணே' என்று என் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள். சுடாமல் என்ன செய்யும்? மின்னழுத்தத்தின் திசை மாறிய பிறகும் மிச்சத் துளைகள் தீராமல் எதிர்த்திசையில் கடத்திக்கொண்டே இருக்கும்.

மாணவன்:
அப்படியானால் சிலிக்கனிலிருந்து ஒளியே வராதா?

மற்றொருவர் (சூரியத் தகடு ஆய்வாளர்):
கொஞ்சம் வரும். ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் அது 1,100 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு. சூரியத் தகட்டுக்கு இருட்டில் மின்னோட்டம் கொடுத்து, அதற்குரிய கேமராவில் படமெடுப்போம். மின்னோட்டத்திலிருந்து விரிசல் துண்டித்த பகுதி கறுப்பாகத் தெரியும்.

பழுதுபார்ப்பவன்:
இது எனக்கும் புதுச் செய்தி. பழைய தகடு ஒன்று கடையில் கிடக்கிறது. எந்தக் கேமரா வேண்டும் ஐயா?