சேரி என்று எழுதலாமா? எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

கவி: மாமா, கல்லூரி மலருக்கு வாய்க்கால் ஓரத்துக் குடிசை வீடுகள் பற்றி எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் செய்தியில் 'ஸ்லம்' என்று இருந்ததை 'சேரி' என்று போட்டேன். பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்.

கடலூர் மாமா: எழுத்துப்பிழை இல்லைம்மா. ஆனால் அந்தச் 'சேரி'யை எடுத்துவிடு.

கவி: ஏன் மாமா? நம்ம ஊரே புதுச்சேரிதானே?

கடலூர் மாமா: அதனால்தான் சொல்கிறேன். சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். சோழ மன்னன் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் ஊரின் பகுதிகளுக்கே சேரி என்று பெயர். அப்புறம் நிலமும் குளமும் கோயிலும் யார் கையில் இருந்ததோ அவர்கள் தங்கள் பக்கத்தை 'ஊர்' என்றும், ஒதுக்கி வைத்த பக்கத்தை 'சேரி' என்றும் சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லில் இழிவை ஏற்றிவிட்டார்கள். இன்று நீ எழுதினாலும் அந்த இழிவும் கூடவே வரும்.

முத்தியால்பேட்டை பெரியம்மா: இங்கேயும் அதே கதைதான் கவி. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்தார்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. கறுப்பர் நகரம் என்று இன்று யாரும் சொல்வதில்லை, ஆனால் 'ஒயிட் டவுன்' மட்டும் ஆட்டோக்காரர் வாயிலும் ஓட்டல் பலகையிலும் அப்படியே இருக்கிறது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

தம்பி: அப்போ 'காலனி' என்று போடலாமே?

அம்மா: வேண்டாம்ப்பா. நான் ஐந்தாவது படிக்கும்போது டீச்சர் ஒவ்வொருவரையும் எழுப்பி "ஊரா, காலனியா?" என்று கேட்டார். நான் சத்தமாக "ஊர்" என்றேன். என் பக்கத்தில் இருந்த பெண் பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள், வாயே திறக்கவில்லை. அவள் ஏன் பேசவில்லை என்று எனக்குப் புரிய எத்தனையோ வருடம் ஆனது.

கடலூர் மாமா: 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவித்தார். ரயில்வே காலனி என்றால் யாருக்கும் வலிக்காது. பிரெஞ்சுக்காரர்களுக்கு நம்ம புதுச்சேரியே ஒரு காலனி. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு வைத்தபோதுதான் அது வசவாக மாறியது.

தம்பி: ஆனால் மாமா, அங்கே பிறந்தவர்களே 'சேரி' என்று பெருமையாக எழுதுகிறார்களே?

கடலூர் மாமா: எழுதட்டும், அது அவர்கள் உரிமை. வெளியிலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு வந்து நாம் எழுதுவது அது ஆகாது.

முத்தியால்பேட்டை பெரியம்மா: கவி, அங்கே இருப்பவர்கள் தங்கள் இடத்தை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள்?

கவி: கேட்கவில்லை பெரியம்மா. நாளைக்குப் போகிறேன்.

(மறுநாள் மாலை)

கவி: போய்விட்டு வந்தேன். ஒரு பாட்டி உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்து, "மாரியம்மன் கோயில் தெருன்னு இதுலயே இருக்கு பாரு, இதையே எழுது" என்று விரலை வைத்துக் காட்டினார். என் கட்டுரையில் ஏழு இடத்தில் சேரி இருந்தது, எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். தலைப்பு 'இருளில் ஒரு வாழ்க்கை' என்று வைத்திருந்தேன் மாமா. அந்தப் பாட்டி வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே என்னோடு ஒரு மணி நேரம் சிரித்துப் பேசினார், அவரிடம் போய் இந்தத் தலைப்பைப் படித்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

கடலூர் மாமா: சரிம்மா, தலைப்பு இல்லாமலே அனுப்பு. ராத்திரி படிக்கிறேன்.