கும்பகோணம் ஆபீஸ் கணினி, மன்னார்குடி வீடு: போர்ட் திறந்தும் ரிமோட் டெஸ்க்டாப் ஏறவில்லை

அரசலாறு:
கும்பகோணத்தில் ஆடிட்டர் ஆபீஸ். அங்கே விண்டோஸ் 11 ப்ரோ, மன்னார்குடி வீட்டு லேப்டாப்பில் ஹோம். ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் வசதி) ஆன் செய்து, ரவுட்டரில் அதற்கான 3389 போர்ட்டையும் திறந்தாயிற்று. ஆபீஸுக்குள் இருந்து ஏறுகிறது, வீட்டிலிருந்து ஏறவில்லை. லேப்டாப் ஹோம் என்பதாலா? டேலி பார்க்கணும். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனும் போடணும், அது ஆபீஸ் சிஸ்டத்திலேயே செருகியிருக்கிறது.

வெட்டாறு:
ஹோம் காரணமில்லை. ஹோமிலிருந்து வெளியே போகலாம், ஹோமுக்குள் வரத்தான் முடியாது. ஆபீஸ் ரவுட்டரில் வான் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தரும் முகவரி) என்ன காட்டுகிறது? 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அதாவது இணைய நிறுவனம் பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது ஐபியைத் தருகிறது, உங்கள் ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை.

திறக்காமல் இருப்பதே நல்லதும்கூட. 3389 வெளியே தெரிந்தால் பாஸ்வேர்டை ஊகிக்கும் தானியங்கிகள் வந்து மோதும், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) நுழையும் வழிகளில் ஒன்றும் அதுதான். முதலில் அதை மூடுங்கள். இரண்டு சிஸ்டத்திலும் டெயில்ஸ்கேல் (போர்ட் திறக்காமலே கணினிகளைத் தனி வலையில் இணைக்கும் விபிஎன் செயலி) போட்டு, ஒரே கணக்கில் நுழையுங்கள். ஆபீஸ் சிஸ்டத்துக்கு அது தரும் முகவரியை ரிமோட் டெஸ்க்டாப்பில் கொடுத்தால் போதும். (அதுவும் 100-இல்தான் தொடங்கும், குழம்ப வேண்டாம்.) விண்டோஸில் நுழையும் பின் நம்பர் இங்கே செல்லாது, அக்கவுண்ட் பாஸ்வேர்டுதான் கேட்கும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு ஏறாது.

குடமுருட்டி:
கரன்ட் விஷயத்தை விட்டுவிட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதுதான் முதலில் காலை வாரும். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். பயாஸில் (கணினி ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்) 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' ஆக்குங்கள். ஆனால் யுபிஎஸ் மென்பொருள் சிஸ்டத்தை முறையாக அணைத்து, யுபிஎஸ் சாகுமுன் கரன்ட் திரும்பினால், மதர்போர்டுக்கு மின்சாரம் போனதே தெரியாது. சிஸ்டம் அணைந்தபடியே கிடக்கும். அதற்கு பயாஸில் ஆர்டிசி அலாரத்தை (குறித்த நேரத்தில் கணினியைத் தானே ஆன் செய்வது) காலை 8 மணிக்கு வையுங்கள்.

டெயில்ஸ்கேலில் 'ரன் அன்அட்டெண்டட்' டிக் செய்யணும். இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் ஆனபின் யாராவது அங்கே லாகின் செய்யும்வரை இணையாது. ஆபீஸ் சிஸ்டத்துக்கு கீ எக்ஸ்பைரியையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் டெயில்ஸ்கேல் லாகின் வழக்கமாக 180 நாளில் காலாவதியாகிவிடும்.

வெண்ணாறு:
டோக்கன்தான் உங்களுக்கு உண்மையான சிக்கல். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்ததும் ஸ்மார்ட் கார்டை (டிஎஸ்சி டோக்கனை விண்டோஸ் அப்படித்தான் பார்க்கும்) உங்கள் லேப்டாப்பில்தான் தேடும். ஆபீஸில் செருகியது அந்த செஷனில் தெரியவே தெரியாது. டிரைவரைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் வராது. எனிடெஸ்க் மாதிரி அங்குள்ள திரையையே காட்டும் செயலியில் தெரியும், ஆனால் நீங்கள் செய்வது ஆபீஸ் மானிட்டரிலும் ஓடும்.

என்னைக் கேட்டால் டோக்கனை வீட்டுக்கு எடுத்துப்போய், லேப்டாப்பிலேயே டிரைவரும் எம்சைனரும் (போர்ட்டலில் கையெழுத்திட உதவும் செயலி) போட்டு, ஜிஎஸ்டி போர்ட்டலில் நேரே கையெழுத்திடுங்கள். கம்பெனி, எல்எல்பி தவிர மற்றவர்களுக்கு ஓடிபி வழியான இவிசி (மின்னணு சரிபார்ப்புக் குறியீடு) போதும், டோக்கனே தேவையில்லை.

அரசலாறு:
வான் ஐபி 100.72-இல் தொடங்குகிறது. 3389-ஐ மூடிவிட்டேன். டோக்கன் தேவைப்படுவது இரண்டு கம்பெனிக்குத்தான், மற்றதெல்லாம் இவிசி.