கிளட்ச் மாற்ற 5,400-ஆ, 9,800-ஆ? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என்ன ரேட் ஓடுது

பென்னாகரம் ரோடு:
பெட்ரோல் ஸ்விஃப்ட், 2014 மாடல், 82,000 கி.மீ. ஓடிய வண்டி. தருமபுரியில் ஒரு பட்டறையில் 5,400 ரூபாய் கேட்கிறார்கள், இன்னொன்றில் 9,800. ரெண்டு பேருமே சொல்வது "கிளட்ச் மாத்தித் தர்றோம்" என்றுதான். இவ்வளவு வித்தியாசம் எப்படி? விவரம் தெரிந்த அண்ணன்கள் சொல்லுங்க.

பழையபேட்டை:
ரெண்டுமே நியாயமான ரேட்தான் தம்பி, வேலைதான் வேற வேற. 5,400-க்கு கிளட்ச் பிளேட் (லைனிங் ஒட்டின, தேயும் தட்டு), ரிலீஸ் பேரிங் (பெடல் மிதித்தால் கிளட்ச்சை விடுவிப்பது), லேபர் மட்டும் வரும். 9,800-க்கு பிரஷர் பிளேட்டோடு (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிப்பது) முழு செட். வெளிப் பட்டறைக் கணக்கு தோராயமாக: செட் 4,500, லேபர் 2,500, கியர் ஆயில் இரண்டு லிட்டர் சொச்சத்துக்கு 900, கிராங்க் பின்பக்க சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல் எல்லாம் சேர்த்து 600, ஃப்ளைவீல் ஃபேஸிங் (இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரத்தின் முகத்தை லேத்தில் சமப்படுத்துவது) 500, கேபிள் 600. கூட்டினால் 9,600 வருதா? அவர் கேட்பது அதுதான். கம்பெனி சர்வீஸில் விட்டால் லேபரும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து இன்னும் சில ஆயிரம் ஏறும்.

பிளேட்டை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? 80,000 கி.மீ. அமுங்கி அமுங்கி பிரஷர் பிளேட்டில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அதன் விரல் போன்ற ஃபிங்கர் நுனியில் பேரிங் தேய்த்த பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பழைய பிரஷர் பிளேட் புதுப் பிளேட்டை முழு அழுத்தத்தில் பிடிக்காது. லோடோடு ஏற்றத்தில் போகும்போது மறுபடி நழுவ ஆரம்பிக்கும், அதாவது இன்ஜின் வேகம் ஏறும், வண்டி ஏறாது. மறுபடி கியர் பாக்ஸ் இறக்கணும், மறுபடி 2,500 லேபர். பிரஷர் பிளேட்டில் மிச்சம் பிடித்தது அதிகம் போனால் இரண்டாயிரம்.

காரிமங்கலம்:
அதுக்கு முன்னாடி கிளட்ச்தான் போயிருக்கா என்று பாருங்க. சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூணாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விட்டால் இன்ஜின் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் நழுவுது, மாற்ற வேண்டியதுதான். ஒரு தடவைக்கு மேல் செய்யாதீங்க, பிளேட் சூடாகிவிடும்.

சத்தம் வேறு கதை. பெடலை மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதிக்காதபோது சத்தம் இருந்து, மிதித்ததும் நின்றால் அது கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (கிளட்ச்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு) பேரிங். புது கிளட்ச் போட்டாலும் போகாது. பெடல் கல்லாட்டம் இருந்தால் முதலில் கேபிளைப் பாருங்க, 600 ரூபாயில் முடிந்துவிடும். கேபிளில் கொஞ்சம்கூட ஃப்ரீ பிளே (தளர்வு) இல்லாமல் இழுத்து டைட் வைத்திருந்தாலும் நழுவும். ஹைட்ராலிக் கிளட்ச் வண்டி (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) என்றால் ஆயில் குறைஞ்சிருக்கா, ஸ்லேவ் சிலிண்டர் கசியுதா என்று பார்க்காமல் கியர் பாக்ஸில் கை வைக்கவே விடாதீங்க.

ஸ்பேர்ஸ் கவுன்டர்:
சாமான் விலை பற்றி ரெண்டு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் கார் ஸ்பேர்ஸுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆயிடுச்சு. அடக்க விலை 4,000 உள்ள செட் முன்பு வரியோடு 5,120, இப்போ 4,720. பழைய ஸ்டாக்கில் பழைய எம்ஆர்பி ஸ்டிக்கர் இருக்கலாம், அதைக் காட்டி முழுசா வாங்கினால் கேளுங்க.

வாலியோ, எக்ஸடி, லுக் எந்தக் கம்பெனி செட்டானாலும் பரவாயில்லை. டப்பா மட்டும் சீல் உடையாமல் உங்க கண்ணெதிரே பிரிக்கணும். டப்பாவில் உள்ள பார்ட் நம்பர் உங்க இன்ஜினுக்கு உரியதுதானா என்று சரிபாருங்க. மாடல் பெயர் ஒன்றுதானே என்று வாங்கிப் போனால் பெட்ரோல் செட்டும் டீசல் செட்டும் மாறிப்போகும். பழைய பிளேட்டில் புது லைனிங் அடித்தது லாரிக்கும் டிராக்டருக்கும் ஓடும். காருக்கு வேண்டாம், 1,000 ரூபாய் குறைவு என்றாலும் வேண்டாம்.

சூளகிரி மெக்கானிக்:
நாங்க எங்க தப்பு பண்ணுவோம்னு நானே சொல்லிடறேன், நின்னு பாருங்க. பேட்டரி, டிரைவ் ஷாஃப்ட், மவுண்ட் கழற்றி கியர் பாக்ஸ் இறக்கி ஏற்ற ஒரு ஆளும் ஒரு உதவியாளும் இருந்தால் நாலஞ்சு மணி நேரம். ரெண்டு மணி நேரத்தில் தர்றேன் என்கிறவன் சீலையும் ஃப்ளைவீலையும் தொடப்போறதில்லை.

இறக்கியதும் கிராங்க் பின்பக்க சீலில் ஆயில் ஈரம் இருக்கா பாருங்க. ஈரத்தோடு மூடினால் அந்த ஆயில் புது லைனிங்கில் ஏறி, முதல் கியரில் வண்டி உதறும். பழைய பிளேட்டில் ரிவெட் தலைக்கும் லைனிங் மட்டத்துக்கும் இடையே அரை மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் மாற்ற வேண்டிய நேரம்தான். ரிவெட்டே ஃப்ளைவீலைக் கீறியிருந்தாலோ நீலத் திட்டு விழுந்திருந்தாலோ ஃபேஸிங் கட்டாயம்.

பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் என்று குறி இருக்கும், திருப்பிப் போட்டால் கிளட்ச் விடாது. அலைன்மென்ட் டூல் வைத்து நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கணும். ஒரே பக்கம் முடுக்கினால் பிரஷர் பிளேட் வளைஞ்சிடும். இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைனில் (பல் வரிகளில்) கிரீஸ் தடவினதே தெரியக்கூடாது, கூடினால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் ஒட்டும். கடைசியாக ஒண்ணு: கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் எடையை இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவிட்டால் புதுப் பிளேட்டின் ஹப் (நடுப்பகுதி) வளையும். ஜாக் கொடுத்துத்தான் ஏற்றணும். கழற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்க, தராத பட்டறைக்குப் போகாதீங்க.

அரூர்:
இது பெட்ரோல் கணக்கு. பொலேரோ, இன்னோவா என்றால் செட்டே ஏழாயிரத்துக்கு மேல், லேபர் 4,000 பக்கம் பேசணும். சில டீசல் எஸ்யூவிகளில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இரண்டு பாகமாக, நடுவில் ஸ்பிரிங் வைத்தது) இருக்கும். அதை லேத்தில் கொடுத்து ஃபேஸிங் பண்ண முடியாது, ஆட்டம் கண்டிருந்தால் புதுசுதான். அது ஒன்றே இருபதாயிரத்தைத் தாண்டும். ரேட் பேசும்போதே உங்க வண்டியில் அது இருக்கா என்று கேட்டுடுங்க.

நம்ம பக்கம் 50,000-லேயே போகிற கிளட்ச் நிறைய. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் லோடு லாரிக்குப் பின்னால் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்வது, வத்தல்மலை வளைவில் ரெண்டாவது கியரிலேயே இழுப்பது, இதெல்லாம்தான் காரணம். இடம் விட்டு நின்று, வழி கிடைத்ததும் முதல் கியரில் கிளட்ச்சை முழுசாக விட்டு எடுங்க. புது செட் போட்ட முதல் 500 கி.மீ. மலைக்கும் லோடுக்கும் போகாமல் இருந்தால் லைனிங் சரியாகப் படியும்.

பென்னாகரம் ரோடு:
நன்றிண்ணா. மச்சான் வண்டி ஏஜிஎஸ் (கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோ கியர் ஷிஃப்ட்), அதுக்கும் இதே ரேட்தானா?

சூளகிரி மெக்கானிக்:
செட்டும் லேபரும் ஏறக்குறைய அதேதான். மாட்டினதும் ஸ்கேனர் போட்டு கிளட்ச் லேர்னிங் (புது கிளட்ச் எங்கே பிடிக்குது என்று வண்டி கம்ப்யூட்டருக்குப் பழக்குவது) பண்ணணும், இல்லைன்னா கியர் விழாது, விழுந்தாலும் குதிக்கும். அந்த ஸ்கேனர் வைத்திருக்கிற பட்டறையா என்று போன் பண்ணிக் கேட்டுட்டு வண்டியை விடச் சொல்லுங்க.