தாத்தா கடையின் பழைய உணவுப் பட்டியல்கள்: அழியாமல் வைக்க வழி சொல்லுங்கள்

கடைக்காரர் பேத்தி, சுங்கை சிப்புட்

வணக்கம். எங்கள் தாத்தா 1953-ல் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் சாப்பாட்டுக்கடை போட்டார். அவருக்குப் பிறகு அப்பா நடத்தினார். 1998-ல் மூடியாயிற்று. மூன்று மாதத்துக்கு முன் அப்பா தவறிவிட்டார். மேல்மாடியை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டின்னும் சுவரில் சாய்த்து வைத்த பெரிய பலகையும் கிடைத்தன. டின்னுக்குள் அச்சடித்த உணவுப் பட்டியல் அட்டைகள் பதினொன்று. அடியில் ‘555’ என்ற மார்க் போட்ட சின்னக் கடன் புத்தகங்கள் நாற்பதுக்கு மேல், ரப்பர் வளையம் போட்டபடி.

பலகை என் உயரம் இருக்கிறது. பச்சை வண்ணத்தின் மேல் வெள்ளை எழுத்து. தோசை 10 காசு என்று எழுதி, அதை மறைத்து 15, அதற்கும் மேல் 20. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மூன்று விலையும் தெரிகின்றன. வலது ஓரத்தில் தனிக் கட்டம் கட்டி, ‘சம்பள ஞாயிறு: ஆட்டிறைச்சிப் பிரட்டல், சோறு, முட்டை 1 வெள்ளி’. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைதான் ரப்பர் தோட்டத்து ஜனங்கள் குடும்பத்தோடு பஸ் ஏறிப் பட்டணம் வருவார்கள். அன்றைக்கு வாழையிலை நாலு கட்டு போதாது என்று அப்பா சொல்வார். அந்தக் கட்டத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து மரம் தெரிகிறது. பிள்ளைகள் அதில் விரல் வைத்துக் காட்டிக் காட்டியே தேய்ந்தது என்கிறார் அத்தை.

கடைசி வரிதான் எனக்குப் புரியவில்லை: ‘சோறு பொட்டலம் கட்டித் தரப்பட மாட்டாது’. பொட்டலம் கட்டாத சாப்பாட்டுக்கடை எங்கே இருக்கிறது?

இப்போது பிரச்சினை என்னவென்றால், சித்தப்பா மகன் ஈப்போவில் உணவகம் திறக்கிறான். பலகைக்குப் புது வண்ணம் அடித்து அங்கே மாட்ட வேண்டும், அட்டைகளையெல்லாம் லாமினேட் செய்ய வேண்டும் என்கிறார் சித்தப்பா. பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஏற்கெனவே ஓர் அட்டையை ஒரு கடையில் கொடுத்து லாமினேட் செய்தோம். ஓரம் மடிந்தபடியே ஒட்டிக்கொண்டது, பென்சிலில் எழுதியிருந்த விலை ஈஷிப்போயிற்று. மிச்சம் பத்துக்கும் அந்தக் கதி வரக் கூடாது.

எப்படி வைப்பது? எந்த அட்டையிலும் வருடம் இல்லையே, காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதையெல்லாம் யாராவது வாங்கி வைத்துக்கொள்வார்களா?

காகிதப்பெட்டி, கோலாலம்பூர்

அக்கா, முதலில் சித்தப்பாவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். வண்ணம் அடித்துவிட்டால் அந்த மூன்று விலையும் போய்விடும். உணவகத்துக்குப் பலகையின் படத்தை அதே அளவில் அச்சடித்து மாட்டலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

நான் நூலகத்தில் பழைய காகிதங்களோடு வேலை செய்தவன். லாமினேட் வேண்டாம், செலோடேப் வேண்டாம், அந்துருண்டையும் வேண்டாம். அட்டைகளுக்கு இடையில் அமிலமில்லாத தாள் வைத்து, மூடியுள்ள பெட்டியில் படுக்கையாக வையுங்கள். தரையில் வைக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும், கரையானும் தேடி வரும். பின்பக்க மூலையில் பென்சிலால் ஓர் எண் போடுங்கள், பேனா கூடாது. பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள், வெறுமையாக இருந்தாலும் சரி.

வாங்கி வைப்பார்களா என்று கேட்டீர்களே. நியூயார்க் பொது நூலகத்தில் ஏறக்குறைய 45,000 உணவுப் பட்டியல்கள் இருக்கின்றன. அதற்கு அடி போட்டவர் ஃபிராங்க் பட்டால்ஃப் என்ற ஒரு பெண்மணி. 1900 வாக்கில் தொடங்கி, ஹோட்டல்களுக்கும் கப்பல் கம்பெனிகளுக்கும் கடிதம் எழுதியும், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தும், தனியொருத்தியாக 25,000-க்கு மேல் சேர்த்தார். சாப்பாட்டு ஆசையால் அல்ல, பின்னால் வரலாறு எழுதுபவர்களுக்கு உதவும் என்றுதான். 2011-ல் அந்த நூலகம் பட்டியல்களை இணையத்தில் போட்டு, பொதுமக்களையே ஒவ்வொரு பதார்த்தத்தையும் விலையையும் தட்டச்சு செய்ய வைத்தது. எந்த வருடம் எது என்ன விலைக்கு விற்றது என்று இன்று யார் வேண்டுமானாலும் தேடலாம்.

நம் தோட்டப் பட்டணங்களுக்கு அப்படி ஒன்றை நாம்தான் தொடங்க வேண்டும். ஆர்க்கிப் நெகாரா, அதாவது தேசிய ஆவணக் காப்பகம், தனியார் ஆவணங்களையும் ஏற்கிறது, எழுதிக் கேளுங்கள். 555 புத்தகங்களை மட்டும் இணையத்தில் போடாதீர்கள். அவற்றில் கடன் வைத்தவர்களின் பெயர்கள் இருக்கும், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் அதே ஊரில் இருப்பார்கள்.

அச்சுக்கூடத்து மகன், தைப்பிங்

காலம் கண்டுபிடிக்க எழுத்தைப் பாருங்கள். மலாய் மொழியை ஆங்கில எழுத்தில் எழுதும் ரூமி எழுத்துமுறை 1972 ஆகஸ்டில் மாறியது. அதற்கு முன் செண்டோல், கச்சாங் இரண்டிலும் ‘சி’யோடு ‘எச்’ சேர்த்து எழுதுவார்கள், பின்பு வெறும் ‘சி’. தண்ணீருக்கான ‘ஆயேர்’ என்ற சொல்லும் அப்போதுதான் ‘ஆயிர்’ ஆயிற்று. கடைக்காரர்கள் பழையதை விடாமல் வைத்திருப்பார்கள், அதனால் பழைய எழுத்து இருந்தால் மட்டும் முடிவுக்கு வராதீர்கள். புது எழுத்து இருந்தால் 1972-க்குப் பிந்தையது என்று நம்பலாம்.

தமிழில் ‘லை’, ‘னை’ யானைத் தும்பிக்கை போன்ற பழைய வளைவு வைத்திருக்கின்றனவா? தமிழ்நாட்டு அரசு 1978-ல்தான் சீர்திருத்த எழுத்தை ஏற்றது, நம் அச்சகங்களுக்கு அது 1980-களில் வந்தது. அப்புறம் விலைக்கு முன் நம் வெள்ளிக்குப் பழைய டாலர் குறியா, ‘ஆர்எம்’ (ரிங்கிட் மலேசியா) என்றா? ‘ஆர்எம்’ என்றால் பெரும்பாலும் 1990-கள். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பத்து வருட வித்தியாசத்துக்குள் பிடித்துவிடலாம்.

பழைய கிராணி, கிள்ளான்

அம்மா, அந்தப் பொட்டல வரியைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்தேன். நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். 1948 ஜூன் 16-ல் அங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற பிறகுதான் பிரிட்டிஷ் அரசின் அவசரகாலச் சட்டம் வந்தது, 1960 வரை நீடித்தது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று கெடுபிடி. கடையில் சார்டின் டின் வாங்கினால் அங்கேயே துளை போட்டுத்தான் கொடுப்பார்கள். ரப்பர் மரம் சீவப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போக முடியாது, கேட்டிலேயே சோதனை. எங்கள் அம்மா வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய், மத்தியானம் லயத்துக்கு வந்துதான் சாப்பிடுவார்.

உங்கள் தாத்தா அந்த வரியை அதனால்தான் எழுதியிருப்பார். அது உண்மையானால் பலகை 1960-க்கு முந்தையது. வண்ணம் அடிக்க விடாதீர்கள், அம்மா.

கடைக்காரர் பேத்தி, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதியதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு பெயின்டருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாளை படம் எடுக்கிறோம்.

தைப்பிங் அண்ணன் சொன்னபடி நேற்று ராத்திரி அட்டைகளைப் பிரித்து வைத்தேன். மூன்றில் ‘ஆர்எம்’. ஆறில் டாலர் குறியும் தும்பிக்கை ‘லை’யும். மிச்சம் ஒன்றில் செண்டோல் பழைய எழுத்தில் அச்சாகியிருக்கிறது, ஆனால் ‘எச்’ஐ யாரோ சிவப்பு மையால் அடித்திருக்கிறார்கள். கச்சாங்கிலும் அப்படியே. ‘ஆயேர்’ முழுவதையும் அடித்து, மேலே ‘ஆயிர்’ என்று பள்ளிப்பிள்ளையின் உருண்டைக் கையெழுத்து. 1972-ல் அப்பா இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்தார்.