ரேடார் எங்கே: பாய்மரத்திலா, பின்பக்கக் கம்பத்திலா?

நொங்சா பயணி:
வணக்கம். என்னுடையது 34 அடி படகு, ஒற்றைப் பாய்மரம். சிங்கப்பூரிலிருந்து எதிரே பாத்தாம் தீவில் உள்ள நொங்சாவுக்கு அடிக்கடி போவோம், ஆண்டுக்கு ஒருமுறை மலாக்கா நீரிணை வழியாக லங்காவி. ரேடார் வாங்கியாயிற்று, 18 அங்குல டோம் (ஆன்டெனா உள்ளே சுழலும் மூடிய வட்டப் பெட்டி), 6 கிலோ. பாய்மரத்தின் முன்பக்கம் 7 மீட்டர் உயரத்தில் மாட்டுவதா, பின்பக்கத்தில் கம்பம் நட்டு 3.5 மீட்டரில் மாட்டுவதா? அடுத்த மாதம் பாய்மரத்தை இறக்குகிறோம். அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

மேல்காற்று:
பாய்மரம்தான். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2ஆல் பெருக்கினால் ரேடாரின் அடிவானம் கடல் மைலில் வந்துவிடும். 3.5 மீட்டருக்கு 4.1 மைல், 7 மீட்டருக்கு 5.8. கிடைக்கிற உயரத்தை ஏன் விட வேண்டும்? பின்பக்கத்தில் ஏற்கெனவே சோலார் பலகை, டிங்கி (கரைக்குப் போகும் சிறு படகு), ஏணி என்று நெரிசல்.

கடையால்:
கணக்கு சரி அண்ணே, ஆனால் பாதிக் கணக்கு. எதிரே வரும் கப்பலுக்கும் உயரம் உண்டே. 25 மீட்டர் உயரக் கப்பல் தன் பங்குக்கு 11 மைலைக் கொண்டுவருகிறது. ஆக, கம்பத்திலிருந்து 15 மைல், பாய்மரத்திலிருந்து 17. சிங்கப்பூருக்கும் பாத்தாமுக்கும் நடுவே அவ்வளவு கடலே கிடையாது! நான் அங்கே திரையை 3 மைலில் வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

என் கவலை வேறு. இந்தச் சின்ன ரேடார்களின் கதிர் மேலும் கீழுமாக ஏறத்தாழ 25 டிகிரி விரியும், அதாவது அடிவானத்துக்குக் கீழே பன்னிரண்டரை. படகு 20 டிகிரி சாய்ந்துவிட்டால் காற்று வரும் பக்கம் கதிர் முழுக்க வானத்தைத்தான் பார்க்கும். அந்தப் பக்கம் மீன்பிடிப் படகு வந்தால் திரையில் ஒன்றுமே இருக்காது. கம்பத்தில் என்றால், சாய்வுக்கு ஏற்ப டோமை நிமிர்த்தும் தாங்கியை எளிதாகப் போடலாம், கையெட்டும் தூரத்தில் பராமரிக்கலாம்.

மேல்காற்று:
அந்தத் தாங்கி பாய்மரத்துக்கும் கிடைக்கிறது. கம்பத்தைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் பழைய படகில் கம்பம்தான் இருந்தது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் நடுங்கும். மூன்றாவது வருடம் அடித்தட்டின் வெல்டிங்கில் முடி போல ஒரு கோடு, அதன் வழியாகத் துரு கசிந்தது. தளத்துக்கு அடியில் பலகை வைத்துப் பலப்படுத்தவில்லை, இரண்டு பக்கமும் முட்டுக்கால் இல்லை. பாய்மரத்தில் உயரே எடை கூடுகிறதே என்று சொல்வீர்கள், தெரியும். டோமும் தாங்கியும் 9 கிலோ என்று வையுங்கள். கம்பமே 12 கிலோ வருமே, அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நொங்சா பயணி:
கம்பத்தில் வைத்தால் பாய்மரம் முன்னால் மறைக்காதா?

கடையால்:
மறைக்கும், மிகக் குறைவாக. 15 சென்டிமீட்டர் பாய்மரம் 7 மீட்டர் தள்ளி நின்றால் ஒன்றேகால் டிகிரி. அலையில் படகின் முகம் அதைவிட அதிகம் அலையும். பாய்மரத்தின் முன்னால் மாட்டினால் அதே 15 சென்டிமீட்டர் டோமின் முதுகை ஒட்டி நிற்கிறது. பின்பக்கத் திசையில் அகலமான ஒரு துண்டு பலவீனமாகிவிடும். நாம் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது 15 நாட் வேகத்தில் பின்னாலிருந்து வருபவனைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

பினாங்குக்காரி:
என்னுடையது பாய்மரத்தில், ஆறு வருடமாக. ஒவ்வொரு முறை திசை மாற்றும்போதும் முன்பாய் டோமைத் தேய்த்துக்கொண்டே போகும். இன்று தொட்டுப் பார்த்தால் முன்விளிம்பு சொரசொரவென்று இருக்கிறது, தாங்கியின் போல்ட்டில் பாயின் தையல் நூல் சுற்றிக் கிடக்கிறது. பாய்மரத்தைத் தேர்ந்தெடுத்தால் எஃகு வளையக் காவலும் சேர்த்து வாங்குங்கள்.

ஆனாலும் அது எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு இரவு ஏஐஎஸ் (கப்பல்கள் தாங்களே அனுப்பும் இருப்பிடத்தைக் காட்டும் கருவி) திரையில் ஒரே ஒரு இழுவைப் படகு. அதன் பின்னால் கடந்துவிடலாம் என்று என் கணவர் திருப்பப் போனார். ரேடாரில் பார்த்தால் இரண்டு புள்ளிகள், ஒரே வேகம், இடைவெளியும் மாறவில்லை. இரண்டாவது, அது இழுத்து வந்த விளக்கில்லாத பார்ஜ் (சரக்கு மிதவை). நடுவே இழுவைக் கயிறு. இது கம்பத்திலும் தெரிந்திருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். விடியற்காலை சுமத்ராப் புயல்காற்றும் அப்படித்தான். மழைச்சுவர் உயரமானது, எங்கே மாட்டினாலும் 8 மைலில் தெரியும், பாயைச் சுருக்க நேரம் கிடைக்கும்.

நொங்சா பயணி:
அந்தப் பார்ஜ் கதையைப் படித்ததும் மனைவி என்னைவிடத் தீவிரமாகிவிட்டாள். பின்னால் வருகிற கப்பல் என்ற வாதம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. கம்பம் என்று சாய்கிறேன், இரண்டு முட்டுக்காலோடு. நாளை பெரிய பாயின் அடியில் உள்ள பூம் சட்டத்தின் முனை எங்கே வரை வீசுகிறது என்று அளக்கிறேன்.

மேல்காற்று:
நான் இன்னும் பாய்மரம் என்றுதான் சொல்வேன். சரி, கம்பமே போடுங்கள், ஆனால் டோம் நிற்பவர் தலைக்கு மேலே இருக்கட்டும். அப்புறம், பாய்மரம் தரையில் கிடக்கும்போதே உள்ளே ஒரு குழாயும் இழுகயிறும் விட்டுவிடுங்கள். பின்னால் மனம் மாறினால் கேபிளுக்காகத் திரும்பவும் கிரேன் பிடிக்க வேண்டாம்.